களஞ்சியமும் கஞ்சித் தேக்சாவும்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் அடிவாரத்தில், தடித்த சுவர்களும் வளைந்த கூரையுமாக நிற்கும் நெற்களஞ்சியத்தைக் காண வருகிறவர்கள், அதன் பிரமாண்டத்தை ஒரு கணம் வியந்துவிட்டு மலையேறப் போய்விடுகிறார்களே தவிர, அந்த நெல் யாருடைய பசிக்காகச் சேமிக்கப்பட்டது என்ற கேள்வியோடு அங்கே நிற்பவர்கள் அரியர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கால ராணுவத் தலங்களின் தொகுப்பில் செஞ்சியையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இவ்வட்டாரத்து மக்களாகிய நாம் பெருமிதம் கொண்டது நியாயமே. ஆயினும் 1690-ல் ஜுல்பிகார் கானின் தலைமையில் வந்து சூழ்ந்த மொகலாயச் சேனை, 1698-ல் கோட்டை வசமாகும் வரையில் எட்டு ஆண்டுக் காலம் இந்த மண்ணில் நடத்திய யுத்தத்தை நினைக்கும்போது, 1693-ன் தொடக்கத்தில் முற்றுகையிட்டவர்களே தானியமின்றித் தவித்து வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது என்றால், இரண்டு சேனைகளுக்கும் நடுவில் அகப்பட்ட ஆலம்பூண்டியும் வளத்தியும் அனந்தபுரமும் எதை உண்டு உயிர் தரித்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. களஞ்சியம் கோட்டைக்குள் இருந்தது. குடியானவன் கோட்டைக்கு வெளியே இருந்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில், தெற்கே கீழக்கரையில், கடல் வாணிபத்தால் பெரும் பொருள் ஈட்டிய ஒரு முஸ்லிம் பிரபு, பஞ்ச காலத்தில் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் சோறளித்தார் என்று புலவர்கள் பாடினார்கள். சீதக்காதி என்று நாடு இன்றளவும் அறியும் அந்த வள்ளல், கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பராகவும் உமறுப் புலவருக்கு ஆதரவாளராகவும் இருந்தவர். செத்தும் கொடுத்த சீதக்காதி என்ற பழமொழியைச் சிறு பிராயத்திலேயே கேட்டு வளர்கிற நாம், அந்தக் கொடை ஒரு தனி மனிதரின் குணவிசேஷம் மட்டுமே என்று நினைத்துவிடுகிறோம். அது ஒரு சமூகத்தின் ஏற்பாடாகவும் வேரூன்றியிருக்கிறது என்பதையும், நம் விழுப்புரம் மாவட்டம் இனி எதிர்நோக்கியிருக்கும் மழைக் காலங்களுக்கு அந்த ஏற்பாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்டத்தார் எளிதில் மறக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களுக்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருவெள்ளம் தென்பெண்ணையில் பாய்ந்து, ஊர்களைத் தனித்தனித் தீவுகளாக்கியது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே ஆறாயிற்று, ரயில்கள் நின்றன. அரசாங்கம் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது; மீட்புப் படைகள் வந்தன; அதிகாரிகள் கண் துஞ்சாமல் உழைத்தார்கள். இவற்றில் எதையும் குறைத்துச் சொல்வது என் எண்ணமன்று. ஆனால் பேரிடர் என்பது பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில்தான் உயிர்களைக் கொள்ளை கொள்கிறது. அந்த இரண்டு நாட்களில் சாலை அறுந்துபோன ஒரு பேரூருக்குள் அரசாங்கம் நுழைவதற்கு முன்பே, அங்கேயே இருக்கிற ஒருவன்தான் உலை வைக்க வேண்டியிருக்கிறது. அவன் யார், அவனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ரமலான் மாதத்தில் நம் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றின் பின்கட்டுக்குப் பிற்பகலில் சென்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டுகிறார்கள். ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போன்ற அகலமான தேக்சாவில், பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் வெந்து குழைய, இஞ்சியும் பூண்டும் வெங்காயமும் தக்காளியும் வதங்கிச் சேர, புதினா கொத்தமல்லி மணக்க, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கும்போது, துடுப்பு போன்ற நீண்ட கரண்டியைப் பிடித்துக் கிளறும் இருவரும் வியர்வையில் குளித்திருப்பார்கள். மாலைத் தொழுகையாகிய அஸர் வேளைக்குள் தூக்குவாளிகளுடன் வரிசை நின்றுவிடும். அந்த வரிசையில் நோன்பு நோற்காத வீட்டுக் குழந்தைகளும் ஏராளம். எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. அரசாங்கமும் ஆண்டுதோறும் இக்கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. இவ்விதமாக முப்பது நாட்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்கு, குறித்த நேரத்தில், தள்ளுமுள்ளு இல்லாமல், இலவசமாக உணவு வழங்கிப் பழகிய ஒரு கூட்டம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது என்பதன் பொருளை நாம் ஆழ்ந்து யோசித்ததில்லை. விறகு எவரிடம் கிடைக்கும், பெரிய பாத்திரம் எந்த வாடகைக் கடையில் இருக்கிறது, எந்தத் தெருவில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார், எந்த விதவை கேட்கக் கூசி உள்ளேயே இருப்பாள் என்பவையெல்லாம் அந்தக் கூட்டத்துக்கு மனப்பாடம். வெள்ளம் வந்த அன்று புதிதாக ஒரு குழு அமைத்து இந்த ஞானத்தைச் சம்பாதிக்க முடியாது.

அதோடு பைத்துல்மால் என்ற பொது நிதி ஒன்றும், பள்ளிவாசலைச் சார்ந்த ஊர்க் கூட்டமைப்புகளாகிய ஜமாஅத்துகள் பலவற்றில் உண்டு. நிஸாப் என்ற வரம்புக்கு மேல் செல்வம் உடையவர்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டரை வீதம் கடமையாகத் தரவேண்டிய ஜகாத்தும், மனமுவந்து தருகிற ஸதகாவும், பெருநாள் தொழுகைக்கு முன் தானியமாகவோ அதன் விலையாகவோ கொடுக்கும் ஃபித்ராவும் அங்கே சேர்கின்றன. இரக்கம் தோன்றினால் கொடுப்பது வேறு. கொடுக்காவிட்டால் தன்னுடைய செல்வமே சுத்தமாகாது என்று நம்பிக் கொடுப்பது வேறு. இரண்டாவது வகைக் கொடைக்கு உற்சாகமோ விளம்பரமோ தேவையில்லை. அது வருகிற காலத்தில் வந்துகொண்டேயிருக்கும். பேரிடர் நிவாரணத்துக்கு வேண்டியதும் இப்படிப்பட்ட, எதிர்பார்க்கத்தக்க ஈகைதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை தமிழகக் கரையை மோதியபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்று பரங்கிப்பேட்டையில் திருமண விருந்துக்கென்று சமைக்கப்பட்டிருந்த உணவு, மண்டபத்தை விட்டு, அனைத்தையும் இழந்து வந்த மீனவக் குப்பத்து மக்களிடம் சென்றது. வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரின் ஜமாஅத், வெளியிலிருந்து உதவி வருவதற்குக் காத்திராமல், வீடுதோறும் அரிசியும் துணியும் பாத்திரமும் சேர்த்து, மதத்தாலும் தொழிலாலும் தம்மினின்றும் வேறுபட்ட அண்டை ஜனங்களைத் தங்கவைத்து உணவளித்தது. நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் தர்காவோ, அலைக்கு அஞ்சி ஓடிவந்தவர்களுக்கு இடமளித்ததோடு நில்லாமல், தன் நிலத்தையே நூற்றுக்கணக்கான சடலங்களுக்குப் புதைகுழியாகத் தந்தது. அந்தக் குழிகளில் யார் இந்து, யார் முஸ்லிம், யார் கிறிஸ்தவர் என்று பிரித்தறிய ஒருவராலும் இயலவில்லை. பிரித்தறிய வேண்டுமென்று எவரும் கோரவுமில்லை.

இந்தச் சடலங்களின் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனெனில் உணவளிக்கப் பல கரங்கள் நீளும், இறந்தவனைத் தொட நீளும் கரங்கள் மிகச் சில. வெயிலில் உப்பி, முகம் அழிந்து, முள்வேலிகளிலும் படகுகளுக்கடியிலும் சிக்கிக் கிடந்த உடல்களை எடுத்து அடக்கம் செய்த தொண்டர்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தாரும் உள்ளூர் ஜமாஅத் இளைஞர்களும் முன்னணியில் நின்றார்கள் என்பதை நாகைப் பகுதியார் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். இதற்கு மனோதிடம் மட்டும் காரணமன்று. இறந்தவரின் உடலாகிய மையித்தைக் குளிப்பாட்டி, கபன் துணி போர்த்தி, தொழுகை நடத்தி, அடக்கம் செய்வது இஸ்லாத்தில் பர்ளு கிஃபாயா, அதாவது ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லோர் மீதிருந்தும் நீங்குகிற, எவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதையும் குற்றவாளியாக்குகிற, கூட்டுக் கடமை. ஆகவே, சந்தூக் என்ற சவப்பெட்டியைத் தோள் மாற்றித் தூக்குவதும், குழி வெட்டுவதும், உடலை மெல்ல இறக்குவதும் அந்தச் சமூகத்தில் கூலிக்கு விடப்பட்ட வேலைகளாக இல்லாமல், படித்தவனும் பணக்காரனும் சிறு வயது முதலே கைப்பழக்கமாகக் கற்றுக்கொள்கிற காரியங்களாக இருக்கின்றன. மரணத்தைத் தீட்டு என்று விலக்கி, அதைத் தொடுகிற பாரத்தை ஒரு சாராரின் தலையில் பரம்பரையாகச் சுமத்திவைத்திருக்கிற நம்முடைய ஊர்களுக்கு இதில் கற்க வேண்டிய பாடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கைப்பழக்கத்தின் அருமை கொரோனாக் காலத்தில் மறுபடியும் புலப்பட்டது. 2020 ஏப்ரலில் சென்னையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தே உயிர் நீத்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஜனங்கள் கல்லெறிந்து விரட்டிய அவமானத்தை நாம் கண்டோம். பெற்ற பிள்ளைகளே அஞ்சி விலகிய அந்த மாதங்களில், பாதுகாப்பு உடையணிந்த முஸ்லிம் தொண்டர்கள் உடல்களைப் பெற்றுக்கொண்டு, இறந்தவரின் மதச் சடங்கு எதுவோ அதன்படி எரியூட்டவும் புதைக்கவும் செய்தார்கள். டெல்லி மாநாடு ஒன்றைக் காரணம் காட்டி நோய்க்கே ஒரு மதப்பெயர் சூட்டப்பட்டு, காய்கறி விற்கும் முஸ்லிமைக்கூடத் தெருவில் நுழையவிடாத துவேஷம் நாட்டின் பல பகுதிகளில் பரப்பப்பட்டதும் அதே காலத்தில்தான் என்பதைச் சேர்த்து நினைக்கும்போது, அத்தொண்டின் கௌரவம் பன்மடங்காகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் சென்னையின் பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்தன. தண்ணீர் வடிந்த பின் ஜமாஅத்தே இஸ்லாமி இளைஞர்கள் சேறு படிந்த கோயில்களையும் கழுவிக் கொடுத்தார்கள்.

இயற்கையின் சீற்றத்தைவிட மனிதனின் சீற்றம் கொடிது. 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட அம்மக்கள், நடந்தும் படகேறியும் புத்தளம் வந்து சேர்ந்தபோது, அவ்வூர் முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் திறந்துவிட்டார்கள். சில வாரங்களில் திரும்பிவிடுவார்கள் என்று எண்ணிய விருந்தினர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியபோது, நீருக்கும் நிலத்துக்கும் வேலைக்கும் போட்டி மூண்டு, விருந்தோம்பியவர்களே வறியவர்களாகும் நிலை வந்ததையும் மறைப்பதற்கில்லை. தர்மத்தால் ஒரு மாதத்தைக் கடக்கலாம்; ஒரு தலைமுறையைக் கடத்துவதற்கு நீதி வேண்டும். தமிழர்களாகிய நாம் நம்முடைய துயரங்களை உலகுக்கு எடுத்துச் சொல்லும்போது, நம் பெயரால் நிகழ்ந்த இந்தத் துயரத்தையும் விடாமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முஸ்லிம்களின் தர்மம் முஸ்லிம்களுக்குத்தானே என்று ஐயுறுவோர் உண்டு. கண்ணியமான நண்பர்களே சில சமயம் அவ்வாறு கேட்கிறார்கள். ஜகாத்தைப் பொறுத்தவரை அது யாருக்குச் சேரவேண்டும் என்பதைக் குர்ஆனின் தவ்பா அத்தியாயம் எட்டு வகையாக வரையறுத்திருக்கிறது. அதில் முஸ்லிமல்லாதாருக்கு எவ்வளவு இடம் என்பது பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஸதகாவுக்கோ அத்தகைய வேலி கிடையாது. ஏழைக்கும் அநாதைக்கும் உணவூட்டுவோரைப் புகழுமிடத்திலேயே, அக்காலத்தில் பெரும்பாலும் போரில் பிடிபட்ட பகைவனாகிய கைதியையும் அந்த வேதம் சேர்த்துச் சொல்கிறது. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு அரேபியாவில் கொடும் பஞ்சம் நேர்ந்தபோது, ஜனங்களுக்குக் கிடைக்கும் வரையில் தாம் நெய் உண்பதில்லை என்று விரதம் பூண்ட கலீபா உமர், பசியால் திருடியவனுக்குரிய தண்டனையையும் நிறுத்திவைத்தார் என்று சரித்திரம் கூறுகிறது. சான்றுக்கு மதீனா வரையில் போகவேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெருஞ்சேனையை எதிர்த்து, செஞ்சியை ஆண்ட இருபத்திரண்டு வயது தேசிங்கு ராஜன் சிறு படையோடு புறப்பட்டபோது, வழுதாவூரில் தன் மணக்கோலத்தைக் களைந்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் மடிந்தவன் மாபத்கான் என்று நம் கதைப்பாட்டு சொல்கிறது. எதிரே நின்ற நவாபும் முஸ்லிம், உடன் மாண்ட நண்பனும் முஸ்லிம். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இதைக் கேட்டு வளர்ந்த செஞ்சிச் சீமைக்காரனுக்கு, ஆபத்தில் தோள் கொடுப்பவனின் மதத்தை விசாரிக்கும் புத்தி வெளியூரிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, குறைகளையும் அன்போடு சொல்ல வேண்டும். ஜமாஅத்துகளும் இயக்கங்களும், மற்றெல்லா நிவாரண ஸ்தாபனங்களையும் போலவே, முதல் வாரத்தில் காட்டும் வேகத்தை மூன்றாம் மாதத்தில் காட்டுவதில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் நாகையின் சாலையோரங்களில் உடுத்துவாரின்றிப் பழந்துணிகள் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. வேண்டியது எது என்று கேளாமல் கொடுத்ததன் விளைவு அது. சோற்றுப் பொட்டலம் கொடுக்கும்போது வாங்குகிறவனின் முகத்தையும் சேர்த்துப் படமெடுத்துப் பரப்பும் வழக்கம் இப்போது எல்லாத் தரப்பிலும் பெருகிவிட்டது. வலது கை கொடுப்பதை இடது கை அறியாதவாறு கொடுப்பவனை நபிகள் நாயகம் சிறப்பித்துச் சொன்ன மார்க்கத்தில் இது வேரூன்றவிடக் கூடாது.

எல்லாவற்றினும் முக்கியமானது கடன். செஞ்சி வட்டாரத்தில் வெள்ளம் வடிந்த பிறகுதான் உண்மையான வெள்ளம் வருகிறது என்று சொன்னால் மிகையாகாது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை வேரோடு அழுகி, நெல் கதிரோடு சாய்ந்து, செஞ்சிக் கமிட்டி என்கிற விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோக ஒரு மூட்டையும் இல்லாத குடியானவன், விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேறிடத்தில் கடன் வாங்குகிறான்; அவன் மனைவியோ குழுக்கடனின் வாரத் தவணைக்குக் காதில் கிடப்பதைக் கழற்றி அடகுக் கடைக்கு நடக்கிறாள். ஜகாத்துக்குரிய எட்டு வகையினரில் கடன்பட்டு மீளமுடியாதவனையும், வழியில் கதியற்று நின்றுவிட்ட பிரயாணியையும் தனித்தனியே பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதன் தீர்க்கதரிசனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பேரிடருக்குப் பின் மனிதன் இந்த இரண்டில் ஒன்றாகத்தானே ஆகிவிடுகிறான்? ஜமாஅத்துகள் பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், தங்கள் நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, சில ஊர்களில் ஏற்கெனவே நடைபெறுகிற வட்டியில்லாக் கடன் திட்டங்களை வெள்ளத்தில் விளைச்சலிழந்த எல்லாச் சமூகத்துச் சிறு விவசாயிகளுக்கும் விரிவாக்குமானால், அது ஆயிரம் பொட்டலங்களினும் பெரிய தர்மமாகும்.

அரசாங்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஆழிப்பேரலையின் பாடத்திலிருந்து பிறந்த 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரின் தலைமையில் ஓர் ஆணையமும் ஒரு திட்டமும் இருக்க வேண்டும். ஆப்த மித்ரா போன்ற திட்டங்களின் வாயிலாகத் தொண்டர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. இவையெல்லாம் நல்லவை. ஆனால் பள்ளிக்கூடங்களையும் கல்யாண மண்டபங்களையும் நிவாரண மையங்களாகக் குறித்துக்கொள்ளும் திட்டம், ஒவ்வொரு பேரூரிலும் உள்ள பள்ளிவாசல் சமையற்கட்டையும், கோயில் அன்னதானக் கூடத்தையும், தேவாலய வளாகத்தையும், அவற்றை நடத்தும் மனிதர்களையும் அதே வரிசையில் எழுதிக்கொள்ளத் தயங்கலாகாது. எத்தனை பேருக்கு ஒரே வேளையில் சமைக்க முடியும், மின்சாரமின்றித் தண்ணீர் எடுக்க வழி உண்டா, பெண்கள் தங்கத் தனியிடம் உண்டா, சடலங்களைக் கையாளப் பழகியவர்கள் எத்தனை பேர் என்பவற்றை மழைக்கு முன்பே கேட்டுப் பதிந்துவைப்பதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. ஆபத்து வேளையில் ஓடிவந்தவர்களுக்கு ஆபத்து நீங்கியபின் ஒரு பாராட்டுப் பத்திரம் அளித்துவிட்டு, அடுத்த ஆபத்து வரையில் அவர்களை மறந்திருப்பது நிர்வாகமாகாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் விழுப்புரம் மாவட்ட நிர்வாகம், செஞ்சி வட்டத்து ஜமாஅத் நிர்வாகிகளாகிய முத்தவல்லிகளையும், கோயில் அறங்காவலர்களையும், பங்குத் தந்தைகளையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மேஜையைச் சுற்றி அமர்த்தி, யார் எந்த ஏரிக்கரைக்குப் பொறுப்பு, யார் எந்தத் தெருவுக்கு உணவு என்று பங்கிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஜமாஅத்துகள் பைத்துல்மாலின் வரவு செலவை, முஸ்லிமல்லாதாரும் படிக்கும்படி, பள்ளிவாசலின் வெளிச்சுவரில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒட்ட வேண்டும். அனந்தபுரத்து வாசகர்களுக்கு நான் வைக்கும் விண்ணப்பமோ இன்னும் சிறியது: மழை வருவதற்கு முன் ஒரு நாள் உங்கள் ஊர் ஜமாஅத்தாரைப் பார்த்து, தேக்சாவும் அடுப்பும் அவர்களிடம் இருக்கின்றன, அரிசியும் விறகும் எங்களிடமிருந்து வரும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.